கேட்கிற ஆளாக இருந்தவன் பேசுகிறேன்

மேடையில் அமர்ந்திருக்கிற எங்கள் தலைமை ஆசிரியர் அருணாதேவி அம்மா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைப் பேசிவிட்டுப் போன ஆசிரியப் பெருமக்களே! தசரதன் ஐயாவின் துணைவியார் சந்திரகலா அம்மா அவர்களே! அவரிடம் படித்த, படிக்கப் பயந்து ஓடிய, ஓடியும் பிடிபட்ட மாணவ மாணவியரே! பெற்றோர்களே! உள்ளே இடம் இல்லாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார்களே! எல்லாருக்கும் வணக்கம்.

என் பெயர் முருகையன். இந்தப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவன். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் சட்டை என் கையால் மடிந்ததுதான். மீதிப் பேரைப் பார்த்தாலே தெரிகிறது, என்னிடம் கொடுக்கவில்லை என்று.

சிரியுங்கள், தப்பில்லை. அதோ மாலைக்குள்ளே படமாக இருக்கிறாரே, அவர் இங்கே இருந்திருந்தால் முதல் சிரிப்பு அவருடையதாகத்தான் இருந்திருக்கும். பதினொரு நாள் ஆகிறது அவர் போய். ஐம்பத்தேழு வயசு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். எம்.ஏ.வும் எம்.ஃபில்.லும் உட்கார்ந்திருக்கிற மேடையில் எனக்கு என்ன வேலை? அருணாதேவி அம்மா போன் பண்ணி, "முருகையா, நீங்க பேசணும்" என்றார்கள். "அம்மா, மேடை ஏறினா எனக்குக் காலு நடுங்கும்" என்றேன். "காலு நடுங்கினா நடுங்கட்டும், வாய் நடுங்காதில்ல" என்றார்கள். தலைமை ஆசிரியர் சொன்னால் மறுக்க முடியுமா?

வந்தாச்சு. வந்த இடத்தில் ஒரு சிக்கல். "தசரதன் ஐயா நல்லவர், வல்லவர், தங்கமான மனுஷர்" என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்க என்னால் முடியாது. ஏன் முடியாது? அவருடைய சிறப்புத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எல்லாரும் படிக்கிற தமிழ் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே, விரும்பி எடுத்துப் படிக்கிற சிறப்புத் தமிழ் என்று ஒரு பாடம் இருக்கிறது. கதை, கவிதை, பழைய பாட்டு, எல்லாம் ஆழமாகப் படிக்கிற வகுப்பு. அது தனி குரூப்பு, அதை எடுத்தால் கம்ப்யூட்டர் குரூப்பு கிடையாது. இந்த மாவட்டத்தில் அந்த வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடங்கள் கம்மி. நம் பள்ளியில் அதை விடாமல் நடத்தினவர் முதுகலைத் தமிழாசிரியர் தசரதன் ஐயா.

முதல் நாள் வகுப்பில் அவர் பாடம் நடத்த மாட்டார். ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பார். "நான் உங்ககிட்ட எதிர்பார்க்கறது" என்று மேலே எழுதியிருக்கும். வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்தத் தாளில் முதலாவதாக இருந்தது இது: "அருமை என்று சொல்லாதே. எங்கே அருமை என்று காட்டு." ஒரு கவிதையைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையாவது "அருமையா இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டால் போச்சு. "எங்கே?" என்பார். "எந்த வரியில்? எந்தச் சொல்லில்? விரலை வைத்துக் காட்டு."

அப்படிப்பட்டவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் "நல்லவர்" என்று சொன்னால் விடுவாரா? "எங்கே முருகையா?" என்று கேட்க மாட்டாரா? அதனால் எங்கே என்று மட்டும் சொல்கிறேன். விரலை வைத்துக் காட்டுகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து என் காதில் ஒரு முணுமுணுப்பு விழுந்துகொண்டே இருக்கிறது. "ஐயாவே பூட்டாரு, இனிமே அந்த வகுப்பு எதுக்கு?" நியாயமான கேள்விதான். புது ஆசிரியர் வரும் வரைக்கும் தானே எடுப்பதாக அருணாதேவி அம்மா சற்று முன்னால் சொன்னார்கள். ஆனால் பத்துப் பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் வகுப்பு. இன்றைய தேதிக்குச் சேர்ந்திருப்பது ஏழு. பள்ளி திறக்க எட்டு நாள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை என் வீட்டிலேயும் ஒருத்தி இருக்கிறாள். கவிநிலா. அவள் பெயர் அந்த ஏழில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த விஷயம். அதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள், எனக்குத் தைரியம் வரட்டும்.

எங்கே நல்லவர்? முதல் இடம், என் வண்டி.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி. ஐயா ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். பையன் பெயர் இனியன், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவன். ஏதோ திருடி மாட்டிக்கொண்டான் போல என்று நான் நினைத்தேன்.

"முருகையா, இவனுக்கு ஒரு காது வேணும்" என்றார்.

"என்னாது ஐயா?"

"உங்க கைக்குத்தான வேலை? காது சும்மாத்தான இருக்கு?"

"எங்க சும்மா இருக்கு? பொண்டாட்டி திட்டறத கேட்டுக்கினு இருக்குதுங்க."

"அவங்க மூச்சு வாங்கற நேரத்துல இவன் படிக்கட்டும்" என்றார்.

விஷயம் இதுதான். அந்தத் தாளில் இரண்டாவது எதிர்பார்ப்பு: வாரத்துக்கு ஒரு முறை, படித்த பாடத்தை, அதிகம் படிக்காத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். கேட்கிறவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அவர் பேசின மாதிரியே நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்தக் கேள்விதான் பாடம். இனியனுடைய அப்பா அம்மா விடியறதுக்கு முன்னால் மல்லாட்டை பிடுங்கக் கடலைக் காட்டுக்குப் போய்விடுவார்கள். இவன் வீடு போய்ச் சேரும்போது அவர்கள் அசந்து கிடப்பார்கள். அவனுக்குக் கேட்கிற ஆள் இல்லை. அதற்காக ஐயா அவனை விட்டுவிட்டாரா? "உனக்கு மட்டும் வேண்டாம்" என்று சொன்னாரா? கையைப் பிடித்து ஆள் தேடிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாரே!

அன்றைக்கு இனியன் படித்தது ஒரு பழைய பாட்டு. தலைவன் மழைக்காலத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மழை வந்துவிட்டது, ஆளைக் காணோம். தலைவி அழுகிறாள். தோழி ஆறுதல் சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. படித்து முடித்துவிட்டு, "கேள்வி கேளுங்கண்ணா" என்றான். எனக்கு என்ன தெரியும்? கிண்டலாகத்தான் கேட்டேன். "ஏன்பா, அந்தத் தோழிக்கு வேற வேலை வெட்டி இல்லியா? எந்நேரமும் இவ கூடவே நிக்கறாளே, அவளுக்குக் கண்ணாலம் ஆச்சா இல்லியா? அவ புருஷன் எப்ப வருவான்?"

பையன் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான். வாத்தியாரைக் கேலி பண்ணின மாதிரி ஆகிவிடுமே! மறுநாள் மத்தியானம் ஐயா வந்தார். திட்டப் போகிறார் என்று இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"முருகையா, இருபது வருஷமா இந்தப் பாட்டை நடத்தறேன். அந்தத் தோழியைப் பத்தி நான் ஒரு நாளும் யோசிச்சது இல்ல. இன்னைக்கு ஒரு மணி நேரம் அவளைப் பத்தியே பேசினோம். மணி அடிச்சும் பசங்க எழுந்திருக்கல" என்றார். அப்புறம் சொன்னார்: "பசங்க என்கிட்ட பதில் கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னு சொன்னேன்."

இது எங்கே பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அந்தத் தாளில் மூன்றாவது எதிர்பார்ப்பு, "புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் புரியவில்லை என்று சொல்ல வேண்டும்." அதைப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டு அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால், இஸ்திரிக்காரன் கேட்ட கேள்விக்கு, எனக்குத் தெரியாது என்று சொன்ன முதுகலை ஆசிரியர்! விரலை இங்கே வைக்கிறேன்.

இன்னொரு சின்ன இடம். இந்த ஊரில் என்னை யாரும் "நீங்க" என்று கூப்பிட்டது கிடையாது. பத்து வயசுப் பையன்கூட "வாப்பா, போப்பா" என்பான். எனக்குப் பழகிவிட்டது. இவர் ஒருவர்தான் முதல் நாளிலிருந்து "நீங்க". அழுக்குச் சட்டையை நீட்டும்போதும் "நீங்க". அவரைப் பார்த்து அருணாதேவி அம்மா, அவரைப் பார்த்து மற்ற ஆசிரியர்கள், பிள்ளைகள். இந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நான் "நீங்க" ஆனது அப்படித்தான்.

அதற்காக அவரை நான் சும்மா விட்டதில்லை. நான் போட்டுக் கொடுக்கிற சட்டை பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் கசங்கிவிடும். தோளில் பை, கக்கத்தில் நோட்டுக் கட்டு. "ஐயா, சட்டையை விட்டுடுங்க, உங்களைப் படுக்க வச்சு ஒரு இழுப்பு இழுத்துடறேன்" என்பேன். "அப்பவும் நான் சுருங்கிடுவேன் முருகையா, வளர்ந்த விதம் அப்படி" என்பார்.

அன்றிலிருந்து இந்தத் தெருவே கேட்கிற தெரு ஆகிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர், சைக்கிள் கடை ராமதாஸ், கோயில் கோபுர வாசலில் பூ கட்டுகிற பச்சையம்மாள் அக்கா. அக்காவுக்கு அடி அண்ணாமலையிலிருந்து வருகிற பாஞ்சாலை என்ற பொண்ணு படித்துக் காட்டுவாள். ஒரு நாள் குழந்தையைப் பறிகொடுத்த தாயைப் பற்றி ஒரு கதை. அக்கா பூக்கட்டுகிற நாரை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறது. கேள்வி என்ன தெரியுமா? "ஏண்டி, இவ்ளோ அழவச்சு எழுதினானே, அந்த ஆளு எழுதி முடிச்ச அன்னிக்குச் சோறு துன்னானா?" அக்காவுக்குக் கையெழுத்து வராது. கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டது. பூக்காரக் கை இல்லையா, பச்சை கலந்த ரேகை.

அந்த வருஷம் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். தமிழ் நோட்டை விரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ரேகை! "என்ன சார் இது, பாட நோட்டா, ரேஷன் கடை ரிஜிஸ்டரா?" என்று கேட்டிருக்கிறார். தசரதன் ஐயா என்ன சொன்னார்? "ஐயா, அது மதிப்பெண். நான் போட்டதில்ல, அவங்க போட்டது." அதிகாரி அந்த நோட்டை மூடவில்லையாம். பச்சையம்மாள் அக்காவின் கேள்வியைப் படித்துவிட்டு, "இதுக்கு என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டாராம். கேள்வி கேட்டு அதட்ட வந்தவரையே பாடம் கேட்க வைத்துவிட்டார் எங்கள் ஐயா!

இதெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன். என் வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா?

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லாட்ஜிலிருந்து வந்த படுக்கை விரிப்பு மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. அன்றைக்கு வியாழக்கிழமை. ஆறு பிள்ளைகள் நோட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். எனக்குப் பொறுமை இல்லை. "குடுங்கடா எல்லாத்தையும்" என்று வாங்கி, படிக்கவே விடாமல், வாய்க்கு வந்த கேள்வியைச் சொல்லி எழுதச் சொல்லிவிட்டு ஆறிலும் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், ஓடிவிட்டார்கள். ஆதவன் என்ற பையன் நோட்டில் நான் சொன்ன கேள்வி: "அந்த ராஜாவோட குதிரை என்னா கலரு?"

அந்த வாரப் பாடத்தில் ராஜாவும் இல்லை, குதிரையும் இல்லை. அது பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவரைப் பற்றிய கதை!

மறுநாள் ஐயா வந்தார். ஆறு நோட்டையும் வண்டி ஓரத்தில் அடுக்கினார். பிள்ளைகளைத் திட்டினாரா? இல்லை. என்னைத் திட்டினாரா? இல்லை. முதல் நோட்டை எடுத்தார். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

"ஐயா, வேணாம் ஐயா. தப்புதான். விடுங்க" என்றேன்.

"நீங்க இஸ்திரி போடுங்க. பசங்க ஆறு பேரும் நேத்து படிக்கல. அதை நான் படிச்சுடறேன்."

"வெய்யிலு ஐயா."

"கதையில அந்தப் பெரியவரும் வெயில்லதான் உக்காந்திருக்காரு. கேளுங்க."

ஆறு பிள்ளைக்கும் வேறு வேறு பக்கம் கொடுத்திருந்தார் போல. ஒவ்வொருவர் பங்கையும் படித்தார். ஒன்றரை மணி நேரம்! சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கிரிவலம் போகிற ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேர் ஏதோ உபன்யாசம் என்று நினைத்து உட்கார்ந்தே விட்டார்கள். நான் விரிப்பைத் தேய்க்கிறேன், கண்ணில் தண்ணீர். கரிப்புகை என்று சொல்லிக்கொண்டேன். முடித்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "முருகையா, நீங்க கேக்கலன்னா அவங்க சுவருக்குப் படிச்ச மாதிரி. சுவரு கேள்வி கேக்காது."

அதற்கு அப்புறம் நான் ஒரு வியாழக்கிழமையும் ஏமாற்றவில்லை. நேரம் இல்லை என்றால் "இன்னைக்கு இல்லப்பா, நாளைக்கு வா" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று, தன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய காதை வாங்கிக் கொடுத்த ஒரு வாத்தியாரை நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்கவில்லை.

குறையே இல்லாதவரா? அப்படிச் சொன்னால் சந்திரகலா அம்மாவே சிரிப்பார்கள். பரீட்சைக்கு விற்கிற கைடு புத்தகத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ஜனவரி வரைக்கும் பாடம், ஜனவரிக்கு மேல பரீட்சை" என்பார். அதனால் சில பிள்ளைகளுக்கு மார்க் குறைந்ததும் உண்டு. ஓர் அப்பா வந்து சண்டை போட்டார். அவர் போன பிறகு ஐயா என் வண்டிக்கு வந்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு முருகையா" என்றார். அந்த வருஷத்திலிருந்து சனிக்கிழமைகளில் பரீட்சைக்குத் தனி வகுப்பு வைத்தார். எதிர்பார்ப்பு பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, தனக்கும்தான் என்று இருந்தார்.

சரி. இனிமேல் தள்ளிப்போட முடியாது. கவிநிலா விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெண் கவிநிலா இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்தொரு மார்க். ரிசல்ட் வந்த அன்றைக்கே நான் கம்ப்யூட்டர் குரூப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நானாக முடிவு பண்ணி, நானாகக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். "சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் பாருங்கள், நாலாம் வகுப்பு!

ஐயா தவறுவதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, ஆறு சட்டை கொண்டுவந்தார்.

"பாப்பா எந்த குரூப்பு?" என்றார்.

"கம்ப்யூட்டருங்க."

"சிறப்புத் தமிழ் எடுப்பாள்னு நினைச்சேன்."

நான் வழக்கம்போல வாயை விட்டேன். "ஐயா, கேக்கறதுக்கு நான் வரேன். படிக்கறதுக்கு வேற வீட்டுப் பொண்ணைப் பாருங்க."

சிரித்தார். ஆனால் எப்போதும் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு ஜோக் தேடினேன். அவர் கேட்டார்: "முருகையா, இது யோசிச்சு எடுத்த முடிவா, பயந்து எடுத்த முடிவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெட்டி சூடா இருக்குது ஐயா, அப்பால பேசலாம்."

"சரி. நான் ஒண்ணும் சொல்லல. பாப்பாகிட்ட ஒரு வாட்டி கேளுங்க. கேட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அப்பால வரவே இல்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. பயம்தான். என் பெண் ஏசி ரூமில் உட்கார வேண்டும். அவள் உடுப்பை வேறு யாராவது இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். தமிழ் படித்தால் இந்தப் புங்க மரத்தடியிலேயே நின்றுவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேலி பண்ணியிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை.

அவர் போன அன்றைக்கு அந்த ஆறு சட்டையும் மடித்தபடி என் வண்டியில்தான் இருந்தது. வெள்ளைச் சட்டையை மட்டும் பிரித்து, மறுபடியும் ஒரு முறை இஸ்திரி போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சந்திரகலா அம்மா கையில் கொடுத்தேன். அதைத்தான் அவருக்குக் கடைசியாகப் போட்டுவிட்டார்கள். ஒரு சுருக்கம் இல்லை. பதினொரு வருஷத்தில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கசங்கிப் போயாவது எழுந்து வந்துவிட மாட்டாரா என்று நின்றேன்.

மன்னிக்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்குக் காது கொடுத்தேன்! என் வீட்டுப் பிள்ளை வாயைத் திறந்தபோது மட்டும் எனக்கு வேலை இருந்தது. அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. சட்டையைச் சீக்கிரம் கொடு என்றுகூட அவர் கேட்டதில்லை. "ஒரு வாட்டி கேளுங்க." அதையாவது செய்யாமல் இந்த மேடை ஏற முடியுமா?

இன்று காலையில் வண்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தேன். கவிநிலா காபி கொண்டுவந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே சொல்ல அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏய், நிமிர்ந்து உட்காரு, நீ ஒன்றும் தப்பு பண்ணவில்லை.

"பாப்பா, உனக்கு எந்த குரூப்பு வேணும்?" என்றேன்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள்.

"இப்பத்தான் தோணுச்சு. சொல்லு."

"தமிழ்தான். போன மாசமே சொல்ல வந்தேன், நீதான் காதுல வாங்கல."

"ஐயா பூட்டாரேன்னு சொல்றியா?"

கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "இல்லப்பா. ஐயா பூட்டாரேன்னு சேர்ந்தா அது பாவம் பாத்துச் சேர்றது. ஐயாவுக்கே புடிக்காது. எனக்கு வேணும், அதான் கேக்கறேன்."

"அப்பால வேலை?"

"எனக்குத் தெரியல. பயமாத்தான் இருக்குது. உனக்கு மட்டுந்தான் பயமா?"

பாருங்கள்! அந்த வகுப்பில் இன்னும் கால் வைக்கவில்லை, அதற்குள் தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்று சொல்கிறாள். நான் நாற்பத்தாறு வயசில் ஜோக் அடித்துத் தப்பித்த இடத்தில் அவள் நேராக நிற்கிறாள்.

அருணாதேவி அம்மா, நாளைக் காலை பத்து மணிக்கு நானும் அவளும் உங்கள் அறைக்கு வருகிறோம். பழைய விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுங்கள். புது விண்ணப்பத்தை அவளே நிரப்புவாள், நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன். ஏழு, எட்டு ஆகிறது. இன்னும் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் இங்கே வந்திருக்கிற உங்களில் யாரோ இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள். போய் ஒரு வாட்டி கேளுங்கள். கேட்ட பிறகு அவர்கள் கம்ப்யூட்டர் என்று சொன்னால் கம்ப்யூட்டர். ஆனால் கேளுங்கள். தசரதன் ஐயாவின் வேலையை நாம் எடுத்துச் செய்வோம் என்று சபதம் எடுக்கச் சொன்னால், என்னால் எடுக்க முடிகிற சபதம் இதுதான்: வியாழக்கிழமை நாலரை மணிக்கு என் வண்டி அங்கேயே நிற்கும். வருகிற எந்தப் பிள்ளைக்கும் காது உண்டு. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார்களும், ராமதாஸும், பச்சையம்மாள் அக்காவும் இதையே சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பேச்சை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் என் பெண் இன்னொன்றும் சொன்னாள். நான் ஆசையாகச் சொன்னேன், "பாப்பா, உனக்குக் கேக்கற ஆளு நாந்தான், அலையவே வேணாம்" என்று. அவள், "நீ வேணாம்பா" என்றாள்.

"ஏன் வேணாம்? பதினோரு வருஷ அனுபவம்!"

"நீ என் அப்பா. நான் என்னா படிச்சாலும் தலைய ஆட்டுவ. எனக்கு நெஜமா கேள்வி கேக்கற ஆளு வேணும்."

ஊருக்கே கேட்கிற ஆளாக இருந்தவனை வீட்டில் நிராகரித்துவிட்டார்கள் ஐயா! என்ன செய்வது? அதனால் இந்தச் சபையில் நான் கையேந்தி ஒன்று கேட்கிறேன். தசரதன் ஐயா அன்றைக்கு இனியனைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார் அல்லவா, அதே மாதிரி நான் என் பெண்ணுக்காகக் கேட்கிறேன். ஒரு காது வேண்டும். யாராவது ஒருவர். ஏற்கெனவே பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள் வேண்டாம், அவர்களுக்குச் சுமை ஜாஸ்தி. புது ஆள் வேண்டும்.

அருணாதேவி அம்மா, நீங்கள் கையை இறக்குங்கள். நீங்கள் எம்.ஏ., விதிப்படி செல்லாது.

வேறு யார்? கூச்சப்படாதீர்கள்.

அதோ, ஓரத்தில்... ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் யார் அது? மைக் செட் அண்ணனா? நீங்களா கை தூக்கினீர்கள்? தெரியாமல் தூக்கிவிட்டீர்களா? இல்லையா? எத்தனாவது படித்திருக்கிறீர்கள் அண்ணே? ஏழாவதா? என்னைவிட ஜாஸ்திதான், பரவாயில்லை. கடை எங்கே? பஸ் ஸ்டாண்டு பின்னாலா? வியாழக்கிழமை நாலரைக்கு இருப்பீர்களா? கல்யாண ஆர்டர் இருந்தால் வெள்ளிக்கிழமையா? சரி, அதை அவளிடமே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம் அண்ணே. புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டிவிடாதீர்கள்.

கவிநிலா, எழுந்திரு. அவரிடம் போ. வணக்கம் சொல்லு. பேரைக் கேட்டு எழுதிக்கோ.